நாட்டிங் ஹில் கார்னிவலுக்கும் நாடக மேடைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி இதுதான்: லண்டனில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் நாட்டிங் ஹில் கார்னிவல் என்றால் பாட்டு, இறகு, குடி, நெரிசல். கரீபியன் மக்கள் கொண்டுவந்த தெருக்கொண்டாட்டம், அவ்வளவுதானே? பிரிட்டிஷ் நாடகம், நடனம் பற்றிப் பேசும்போதெல்லாம் அதை ஏன் கூடவே இழுத்து வருகிறார்கள்?

இழுத்து வர வேண்டிய தேவையே இல்லை. லண்டனில் அந்தக் கார்னிவலின் முதல் வடிவம் ஒரு மண்டபத்துக்குள், மேடையில்தான் நடந்தது. அதை இயக்கியவர் ஒரு நடிகர். பிறகு அது தெருவுக்கு வந்தது. கரீபியன் கலைஞர்களுக்குச் சொந்தமாக ஓர் அரங்கு கிடைப்பது பிரிட்டனில் எவ்வளவு கடினமாக இருந்தது என்று பார்த்தால்தான், தெரு ஏன் அவர்களுடைய பெரிய அரங்காயிற்று என்பது விளங்கும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1959 ஜனவரி 30. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹால். வெளியே கடுங்குளிர், உள்ளே கலிப்ஸோ என்ற கரீபியன் பாட்டு, எண்ணெய் பீப்பாயில் செய்த வாத்தியங்களின் ஸ்டீல் இசை, நடனம், கார்னிவல் அழகிப் போட்டி. பிபிசி தொலைக்காட்சியும் வந்திருந்தது. ஏற்பாடு செய்தவர் கிளாடியா ஜோன்ஸ். கரீபியன் தீவான டிரினிடாட்டில் 1915இல் பிறந்து, சிறுமியாக நியூயார்க் போய், அங்கே கம்யூனிஸ்ட் கட்சியில் வளர்ந்து, அதற்காகவே சிறைக்குப் போய், 1955 டிசம்பரில் நாடு கடத்தப்பட்டு லண்டன் வந்து சேர்ந்தவர். 1958இல் பிரிக்ஸ்டனில் இருந்து ‘வெஸ்ட் இண்டியன் கெஸட்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அதே வருடம் ஆகஸ்ட் முடிவில் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர் கும்பல்கள் கரீபியன் மக்களின் வீடுகளைத் தேடித் தேடித் தாக்கின. கலவரம் பல நாள் நீடித்தது. அது அடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, இந்த அம்மா கார்னிவல் வைக்கிறார்!

பொழுதுபோக்காக வைக்கவில்லை. விழா மலரில் ஒரு சிறு குறிப்பு இருந்தது: மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, நாட்டிங் ஹில் சம்பவங்களில் மாட்டிக்கொண்ட கறுப்பின, வெள்ளை இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட உதவும். இரண்டு தரப்பு இளைஞர்களுக்கும்! ஒரு மக்களின் கலைதான் அவர்கள் விடுதலையின் பிறப்பிடம் என்ற பொருளில் மலரில் அவர் எழுதிய வரி இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. எனக்கென்னவோ அந்த வரியைவிட அபராதக் குறிப்புதான் அவரை அதிகம் காட்டிக்கொடுக்கிறது. நாலு மாதம் கழித்து, 1959 மே மாதத்தில், ஆன்டிகுவாவிலிருந்து வந்த தச்சர் கெல்ஸோ காக்ரேன் அதே வட்டாரத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை. கார்னிவல் எந்தச் சூழலில் பிறந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த மண்டப நிகழ்ச்சியை இயக்கியவர் எட்ரிக் கானர். இவரும் டிரினிடாட்காரர், பாடகர், நடிகர். அதற்கு முந்தின வருடம்தான் ஸ்ட்ராட்ஃபோர்டில், ஷேக்ஸ்பியர் நினைவு அரங்கில், ‘பெரிக்ளிஸ்’ நாடகத்தில் கதைசொல்லி கோவராக நடித்திருந்தார். அந்த மேடையில் நடித்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். அவருடைய மனைவி பேர்ல் கானர், கறுப்பின நடிகர்களுக்கு வாய்ப்புத் தேடித்தரும் ஏஜென்சி ஒன்றைக் கணவரோடு சேர்ந்து 1956இல் தொடங்கி நடத்தினார். ஷேக்ஸ்பியர் மேடையும் கார்னிவல் மேடையும் ஒரே வீட்டுக்குள் இருந்தன என்றால் மிகையில்லை.

இன்னொன்று, கார்னிவலே நாடகம்தான். டிரினிடாட்டில் இதை ‘மாஸ்’ என்பார்கள். நம் சினிமா ‘மாஸ்’ இல்லை, முகமூடிக் கூத்தைக் குறிக்கும் ‘மாஸ்கரேட்’ என்ற சொல்லின் சுருக்கம். ‘மாஸ் ஆடுவது’ என்றால் ஒரு பாத்திரமாக வேஷம் கட்டி வீதியில் இறங்குவது. அங்கே பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் தவக்காலத்துக்கு முன்னால் முகமூடி நடனம் வைப்பார்கள். அடிமைகளுக்கு அதில் இடமில்லை. 1838இல் முழு விடுதலை கிடைத்ததும் அந்த மக்கள் தெருவை எடுத்துக்கொண்டார்கள், கூடவே முதலாளிகளைக் கிண்டல் செய்யவும் ஆரம்பித்தார்கள். ‘டேம் லொரேன்’ என்ற வேஷம் முதலாளியம்மாவின் பகட்டைப் பெருத்த மார்பும் பின்புறமும் வைத்து நக்கலடிப்பது. ‘ஜாப் மொலாஸி’ உடம்பெல்லாம் கரும்புப்பாகு பூசிய பிசாசு. கரும்புத் தோட்டத்தின் நினைவையே பூசிக்கொண்டு வருவது. ‘மோக்கோ ஜம்பி’ உயரமான மரக்கால்களில் நடப்பவர். எனக்கு ரொம்பப் பிடித்தது ‘மிட்நைட் ராபர்’. அகலமான தொப்பி, மேலங்கி, இடுப்பில் ஆயுதம். வழியில் போகிறவரை மறித்து, தான் பிறந்தபோது பூமி நடுங்கியது என்கிற பாணியில் மூச்சுவிடாமல் வசனம் பேசி, காசு வாங்கிக்கொண்டுதான் விடுவார். தனி ஆள், தெருவே மேடை, சுயமாகக் கட்டிய வசனம். இது நாடகம் இல்லையென்றால் வேறு எது?

ஆட்சியாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1881இல் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் போலீசுக்கும் வேஷக்காரர்களுக்கும் பெரிய மோதல். அதைத் தொடர்ந்து பறைகளுக்குத் தடை வந்தது. தோல் கூடாதா, சரி, மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். மூங்கிலிலிருந்து பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி, கடைசியில் எண்ணெய் பீப்பாய். பீப்பாயின் அடித்தட்டைச் சுத்தியலால் குழித்து, சுரம் சுரமாகப் பிரித்து உருவாக்கியதுதான் ஸ்டீல் பான். (ஆங்கிலேயர் உச்சரிப்பது ‘பேன்’ என்றுதான், தமிழில் அப்படி எழுதினால் தலை அரிக்கும்.) 1951இல் தெற்கு லண்டனில் ‘ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்’ விழாவுக்காக டிரினிடாட்டிலிருந்து டாஸ்போ என்ற ஸ்டீல் குழு வந்து தேம்ஸ் கரையில் வாசித்தது. எண்ணெய் பீப்பாயிலிருந்து இப்படி ஒரு நாதமா என்று லண்டன்காரர்கள் வாய்பிளந்தார்கள். குழு ஊர் திரும்பியது. ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் என்ற இளைஞர் மட்டும் லண்டனிலேயே தங்கிவிட்டார். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்களுக்கு ஒரு இடைக்குறிப்பு. 1845இலிருந்து டிரினிடாட்டுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போனார்கள். பெரும்பாலான கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து கிளம்பின, மெட்ராஸிலிருந்தும் சில கிளம்பின. ஆகவே ‘கரீபியன்’ என்றாலே ஆப்பிரிக்க வம்சம் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு நாடகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

நாட்டிங் ஹில்லுக்கு வருவோம். கார்னிவல் வருவதற்கு இருபது வருடம் முன்பே, 1946 ஏப்ரல் 30 அன்று, அங்கே வெஸ்ட்போர்ன் குரோவில் உள்ள ட்வென்டியத் செஞ்சுரி தியேட்டரில் ‘பாலே நேக்ர்’ என்ற நடனக்குழு முதல்முறையாக ஆடியது. ஐரோப்பாவின் முதல் கறுப்பின நடனக் கம்பெனி என்று அதைச் சொல்வார்கள். நடத்தியவர் ஜமைக்காவிலிருந்து வந்த பெர்டோ பாசுகா, கூட அவருடைய நண்பர் ரிச்சி ரைலி. கரீபியன் குடியேறிகளை ஏற்றிய விண்ட்ரஷ் கப்பல் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது 1948 ஜூனில். கரீபியன் கலை பிரிட்டனில் அந்தக் கப்பலோடுதான் வந்திறங்கியது என்று நினைப்பவர்கள் இந்தத் தேதியைப் பார்க்க வேண்டும். தன்னால் வானத்தில் பறக்க முடியும் என்று நம்பிய ஒரு ஜமைக்கா போதகரின் கதை, சந்தை நாள், வெள்ளையர் வந்து இறங்கிய கதை என்று அவர்கள் ஆடிய எல்லாமே தங்கள் மண்ணின் விஷயங்கள். பாலே என்று பெயர் வைத்தார்களே தவிர, கால்விரல் நுனியில் நின்றது கிடையாது. ஐரோப்பா முழுக்கச் சுற்றினார்கள், கைதட்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அரசு மானியம் கிடைக்கவில்லை. 1953இல் பணமில்லாமல் குழு கலைந்தது. சொந்த இடம் இல்லை, மானியம் இல்லை, கைதட்டல் மட்டும் உண்டு. இதே கதை இனி திரும்பத் திரும்ப வரும்.

தெருவுக்குக் கார்னிவல் வந்தது 1966இல். ரோன் லாஸ்லெட் என்ற சமூக சேவகி, கிழக்கு லண்டனில் பிறந்தவர், தன் பகுதியில் வாழும் பல நாட்டுக் குழந்தைகளுக்காக ஒரு வீதிவிழா ஏற்பாடு செய்தார். அதில் வாசிக்க அழைக்கப்பட்டவர் ரஸ்ஸல் ஹெண்டர்சன், டிரினிடாட்டிலிருந்து வந்த பியானோ கலைஞர். அவருடைய ஸ்டீல் குழுவில் யார் இருந்தார்? 1951இல் ஊர் திரும்பாத அதே பெட்டன்கோர்ட். ஒரே இடத்தில் நின்று வாசித்துச் சலித்துப்போய், கழுத்தில் ஸ்டீல் பான்களை மாட்டியபடி தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள். எந்த வழி போவது என்ற திட்டமெல்லாம் இல்லை. ஜனங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அவ்வளவுதான், ஊர்வலம் பிறந்துவிட்டது.

யார் நிறுவியவர், ஜோன்ஸா லாஸ்லெட்டா என்று வருடா வருடம் சண்டை நடக்கும். ஜோன்ஸ் 1964 டிசம்பரிலேயே இறந்துவிட்டார். ஹைகேட் கல்லறையில் கார்ல் மார்க்ஸுக்கு இடப்பக்கம் இருக்கிறார், அவருக்கு அதைவிடப் பொருத்தமான பக்கம் ஏது? அதனால் தெரு விழாவை அவர் தொடங்கவில்லை என்பது சரி. ஆனால் லண்டனில் கார்னிவல் என்ற எண்ணத்தையும் அதன் அரசியலையும் விதைத்தது அவர்தான் என்பதும் சரி. என்னைக் கேட்டால் இருவரையும்விட, அன்றைக்குத் தன்போக்கில் நடக்கத் தொடங்கிய அந்த மூன்று நாலு இசைக்காரர்களுக்குத்தான் அதிகப் பங்கு என்பேன்.

1973இல் லெஸ்லி பால்மர் என்ற டிரினிடாட் இளைஞர் பொறுப்பேற்றபோது விழாவின் உருவமே மாறியது. வேஷக் குழுக்களை ஒழுங்குபடுத்தினார், ஜெனரேட்டர் கொண்டுவந்தார், ஸ்டீல் குழுக்களோடு ஜமைக்கா பாணி சவுண்ட் சிஸ்டங்களையும் அழைத்தார். சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் இல்லை. டிரினிடாட்டின் கொண்டாட்டம் நடந்துகொண்டே இருப்பது. ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் தெருமுனையில் ஆள் உயர ஸ்பீக்கர்களை அடுக்கிவைத்து நின்ற இடத்திலேயே அதிரவைப்பது. லண்டனில் பிறந்து ரெகே கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. இரண்டும் கலந்த பிறகுதான் அது லண்டன் கார்னிவல் ஆனது.

1976இல் சுமார் 3,000 போலீசாரை இறக்கினார்கள். கலவரம் வெடித்தது, நூற்றுக்கும் மேற்பட்ட போலீசார் மருத்துவமனைக்குப் போனார்கள். அன்றிலிருந்து ‘இதைப் பூங்காவுக்கு மாற்று, ஸ்டேடியத்துக்கு மாற்று’ என்ற குரல் ஓய்ந்தபாடில்லை. மாஸ் என்பதே தெருவில் நடந்து போவது. பூங்காவில் வைத்தால் அது வேஷப்போட்டி, கார்னிவல் ஆகாது. நெரிசல் ஆபத்து உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். அதற்குத் தீர்வு கூட்டத்தைக் கையாள்வதில் இருக்கிறது.

சரி, இப்போது நாடகம். ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பின நடிகரிலிருந்து தொடங்குவது வழக்கம். அவர் கரீபியன் இல்லை, நியூயார்க்கில் பிறந்தவர். 1833இல் பிரபல ஆங்கில நடிகர் எட்மண்ட் கீன் மேடையிலேயே மயங்கி விழுந்த பிறகு, அவருக்குப் பதிலாக லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒத்தெல்லோவாக நின்றார். லண்டன் பத்திரிகைகள் சில வாய்க்கு வந்தபடி ஏசின. இரண்டே காட்சிகளோடு முடிந்தது. ஐரோப்பா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. அவர் கல்லறை போலந்தில் இருக்கிறது.

கரீபியன் நாடகத்துக்கு 1936தான் எனக்கு முக்கியமான வருடம். டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ், ஹெய்ட்டி அடிமைப் புரட்சியின் தலைவர் டூசான் லூவெர்ச்சூர் பற்றி எழுதிய நாடகம், அமெரிக்கக் கறுப்பின நடிகர் பால் ரோப்சன் நடிக்க, லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தியேட்டரில் ஏறியது. இந்த அரங்கின் பெயரையும் நினைவில் வையுங்கள். பிறகு 1957இல் டிரினிடாட்டின் எரோல் ஜான், அப்சர்வர் பத்திரிகையின் நாடகப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். போர்ட் ஆஃப் ஸ்பெயினின் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழும் ஏழைக் குடும்பங்களின் கதை. 1958 டிசம்பரில் லண்டன் ராயல் கோர்ட் தியேட்டரில் போட்டார்கள், அதாவது கலவரம் நடந்து மூன்று மாதத்தில்.

அடுத்து முஸ்தபா மாத்தூரா, நான் சொன்ன சாட்சி. தந்தை இந்திய வம்சாவளி, இயற்பெயர் நோயல் மாத்தூரா. 1974இல் ராயல் கோர்ட்டில் ஏறிய அவருடைய ‘ப்ளே மாஸ்’ கார்னிவலை வைத்தே எழுதப்பட்டது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு தையற்கடை. கடைக்காரர் ராம்ஜான் கூக்கூல் இந்திய வம்சம், கூடவே அதிகாரம் பண்ணும் அம்மா. வேலையாள் சாமுவேல் ஆப்பிரிக்க வம்சம், அவனுக்கு மாஸ் ஆடப் போக வேண்டும். சுதந்திரத்துக்குப் பிறகு அதே சாமுவேல் போலீஸ் தலைவன், கார்னிவல் வேஷம் அரசியல் முகமூடி. நாடகம் லண்டனின் பெரிய வணிக அரங்குகள் உள்ள வெஸ்ட் எண்டுக்கும் போனது. இரண்டு வம்சங்களும் ஒரே கடைக்குள் எப்படி உரசிக்கொண்டு வாழ்ந்தன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன நாடகத்தை நான் வாசித்ததில்லை.

1986இல் தலாவா நாடகக் கம்பெனி வந்தது. இவான் ப்ரூஸ்டர், கார்மென் மன்ரோ, மோனா ஹாமண்ட் ஆகியோர் சேர்ந்து தொடங்கியது. ஜமைக்காவில் பிறந்த ப்ரூஸ்டர் 1950களில் லண்டனுக்கு நாடகம் படிக்க வந்தபோது, உனக்கு இங்கே வேலையே கிடைக்காது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்களாம். ‘தலாவா’ ஜமைக்கா மொழிச் சொல்: ஆள் சிறிசு, ஆனால் அழுத்தக்காரி என்கிற மாதிரி. முதல் நாடகம் என்ன தெரியுமா? அதே டூசான் கதையை ஜேம்ஸ் பின்னாளில் திருத்தி எழுதிய ‘த ப்ளாக் ஜாக்கபின்ஸ்’. கயானாவில் பிறந்த நார்மன் பீட்டன் டூசானாக நடித்தார். ஆஸ்கர் வைல்டையும் ஷேக்ஸ்பியரையும் முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்துப் போட்டார்கள். 1991இல் டோனா க்ரோல் கிளியோபாட்ராவானார்.

1990களின் முதல் பாதியில் மட்டும் தலாவாவுக்கு ஓர் அரங்கு இருந்தது, காக்ரேன் தியேட்டர். பிறகு போயிற்று. சொந்தக் கட்டடம் ஒன்று எழுப்பத் திட்டம் போட்டார்கள். எங்கே? 1936இல் ரோப்சன் டூசானாக நின்ற அதே வெஸ்ட்மின்ஸ்டர் தியேட்டர் இருந்த இடத்தில். 2005இல், கலைகளுக்கு அரசு மானியம் வழங்கும் ஆர்ட்ஸ் கவுன்சில் கட்டடத்துக்கான பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, திட்டம் அத்தோடு சரி. கம்பெனி சாகவில்லை, இப்போது தெற்கு லண்டனில், நம் ஈழத்து மக்களும் நிறையப் பேர் வாழும் க்ராய்டனில் இயங்குகிறது. ஆனாலும் அந்த 2005 முடிவை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

இதெல்லாம் லண்டன் கதை மட்டும் என்று எண்ண வேண்டாம். வடக்கே லீட்ஸ் நகரில் 1967இலேயே கார்னிவல் தொடங்கிவிட்டது, செயின்ட் கிட்ஸ்–நெவிஸ் தீவுகளிலிருந்து வந்த ஆர்தர் ஃப்ரான்ஸ் முன்னின்று நடத்தியது. வேஷம், ஸ்டீல் இசை, ஊர்வலம் மூன்றும் சேர்ந்து, கரீபியன் மக்களே நடத்திய முதல் தெருக் கார்னிவல் எங்களுடையதுதான் என்று லீட்ஸ்காரர்கள் மார்தட்டுவார்கள். பக்கத்திலேயே ஹேர்ஹில்ஸ் பகுதிப் பள்ளியில் நடீன் சீனியர் என்ற ஆசிரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் நடனம் சொல்லிக்கொடுத்தார், பையன்களுக்கும் சேர்த்து. அந்தப் பையன்கள் மூன்று பேர் 1981இல் தொடங்கியதுதான் ஃபீனிக்ஸ் நடனக் குழு. 1985இல் அதே ஆசிரியை சாப்பல்டவுனில் நவீன நடனத்துக்கு ஒரு கல்லூரியே ஆரம்பித்தார், பழைய யூத ஜெபக்கூடம் ஒன்றில். ஃபீனிக்ஸ் இன்றும் ஆடுகிறது. 2018இல் விண்ட்ரஷ் வருகையையே ஒரு நடனமாக்கினார்கள். தெற்கு லண்டனில் பெவர்லி க்ளீன் 1985இல் தொடங்கிய ‘ஐரி’ குழு, ஆப்பிரிக்க, கரீபியன் அசைவுகளை ரெகே தாளத்தில் பின்னியது.

கடைசியாக பாலே. காஸா பாஞ்சோ, தந்தை டிரினிடாட்காரர், தன் பட்டப்படிப்பு ஆய்வுக்காக பிரிட்டனில் பாலே ஆடும் கறுப்பினப் பெண்களைப் பேட்டி எடுக்கத் தேடியபோது ஒருவர்கூட அகப்படவில்லை. 2001இல் ‘பாலே ப்ளாக்’ தொடங்கினார். அப்போதும் ஒரு தொல்லை: பாலே காலணி இளஞ்சிவப்பில்தான் கிடைக்கும், வெள்ளைத் தோலோடு கால் நீண்டு தெரிவதற்காக. கறுப்பின நடனக்காரிகள் ஒவ்வொரு ஜோடிக்கும் தங்கள் முகப்பூச்சை எடுத்துத் தடவி நிறம் மாற்றுவார்கள், அதுவும் அவை சீக்கிரம் தேய்ந்துபோகும் காலணிகள். ஃப்ரீட் என்ற காலணிக் கம்பெனி அவர்களோடு சேர்ந்து பழுப்பு, வெண்கல நிறங்களில் செய்து தந்தது 2018இல். ஆம், 2018.

இந்த வரலாற்றை வாசிக்கும்போது ஒரு சொல் கண்ணை உறுத்தும்: ‘முதல்’. முதல் கறுப்பின நடிகர், முதல் கறுப்பினக் கம்பெனி, வெஸ்ட் எண்டில் முதல் கறுப்பினப் பிரிட்டிஷ் நாடகம் என்று. அந்தக் கடைசிப் பட்டம் 2005இல் க்வாமே க்வெய்-ஆர்மாவின் நாடகத்துக்குக் கிடைத்தது. அவர் பிரிட்டனில் பிறந்தவர் என்ற கணக்கில் அது சரி; ஆனால் மாத்தூரா முப்பது வருடம் முன்பே வெஸ்ட் எண்டுக்குப் போயிருந்தார். 2018இல் நடாஷா கோர்டனின் ‘நைன் நைட்’ அதே வெஸ்ட் எண்டுக்கு வந்தபோது, ‘முதல் கறுப்பினப் பிரிட்டிஷ் பெண் எழுத்தாளர்’. பெருமையாகச் சொல்லப்படும் இந்த ‘முதல்’களின் தேதியைப் பார்த்தால், பெருமைக்குப் பதில் எரிச்சல்தான் வருகிறது. ஆகவே நாடகப் பிரதிகளைச் சேர்த்துவைக்கும் வேலை முக்கியம். நேஷனல் தியேட்டரில் இப்போது கறுப்பின நாடகங்களுக்கென்றே ஓர் ஆவணகம் இருக்கிறது.

நீங்கள் கார்னிவலுக்குப் போவதாக இருந்தால், ஞாயிறு குழந்தைகள் நாள், கூட்டம் சற்றுக் குறைவு. வேஷங்களைப் பக்கத்தில் பார்க்கலாம். திங்கள்தான் பெரிய நாள். ஸ்டீல் இசை மட்டும் போதும் என்றால் சனிக்கிழமை மாலை ‘பனோரமா’ போட்டிக்குப் போங்கள். வசதியான செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், கூட்டத்திலிருந்து ஒதுங்கி வெஸ்ட்போர்ன் குரோவில் 291ஆம் எண்ணைத் தேடிப் பாருங்கள். பழைய அரங்கக் கட்டடம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. பாசுகாவின் குழு 1946இல் முதல்முறையாக ஆடியது அதற்குள்தான்.